விடியலில் எழாத கடிகாரம்



இப்பகுதியில் இதுகாறும் நீர் இறைக்கும் மோட்டார், மாவரைக்கும் இயந்திரம், மின்விசிறி ஆகியவற்றின் பழுதுகளைப் பற்றியே எழுதி வந்தேன். இரேணிகுண்டாவிலும் ஸ்ரீசிட்டியிலும் உள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள், "போர்டைப் பற்றியும் எழுதுங்கள்" என்று பல திங்களாகக் கேட்டு வருகின்றனர். அவர்கள் விருப்பத்தை இத்திங்கள் நிறைவேற்றுகின்றேன். எழுத எடுத்துக்கொண்ட செய்தி என் கடையிலேயே நிகழ்ந்தது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆயினும் படிப்பினை உண்டு.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பாகாலாவுக்கு அண்மையில், ஒரு சிற்றூரில் பால் சேகரிக்கும் நிலையம் ஒன்று உள்ளது. அதனை நடத்துபவர் நம் சங்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார். காலை 5 மணிக்கும் மாலை 5 மணிக்கும் உழவர்கள் பால் கொண்டு வருவர். பெட்டி போன்றதொரு கருவி பாலின் அளவையும் கொழுப்பையும் பதிந்து, நாளும் வேளையும் இட்டு, ஒரு சீட்டை அச்சிட்டுத் தரும். பத்து நாட்களுக்கு ஒருமுறை அப்பதிவுகளைக் கூட்டிப் பணம் கொடுப்பார்கள். ஆகவே அப்பெட்டியினுள் இருக்கும் சிறு கடிகாரமே அவ்வூரின் கணக்குப்பிள்ளை எனலாம்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அக்கணக்குப்பிள்ளை பிழை செய்யத் தொடங்கிற்று. சில நாட்களில் காலைப் பாலுக்கு முந்திய நாள் மாலையின் நாளும் நேரமும் அச்சாயின. ஒரே உழவர் ஒரே வேளையில் இருமுறை பால் ஊற்றியதாகக் கருவி எண்ணி, முன்னிருந்த பதிவை அழித்துப் புதியதை எழுதிற்று. பத்து நாள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, ஊற்றிய பாலுக்கும் கிடைத்த பணத்துக்கும் பொருந்தவில்லை. உழவர்களின் சினம் பெட்டியின்மேல் செல்லவில்லை. பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருந்த அம்மையாரின்மேல் சென்றது. அவர் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர் என்பதையும் சிலர் அப்போது நினைவுகூர்ந்தனர். முதல் பத்து நாட்களின் குறையை அவர் தம் கைப்பணத்திலிருந்து ஈடு செய்துவிட்டார். அங்ஙனம் செய்ததே சிலருக்கு ஐயத்தை வளர்த்தது. குற்றம் இல்லாதவள் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று பேசினர்.

அவர் பெட்டியை என் கடைக்குக் கொண்டுவந்தார். மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். கடிகாரம் ஓடிற்று. பட்டன் செல்லை மாற்றினேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். சரியான நேரம் காட்டிற்று. "இனி ஒன்றும் ஆகாது, அம்மா" என்று கூறி அனுப்பினேன். பன்னிரண்டு நாட்களில் திரும்பி வந்தார். மறுபடியும் என் மேசைமேல் அது ஒழுங்காக ஓடிற்று. செல்லின் பிடியைத் துடைத்து, மறுபடியும் அனுப்பினேன். இரண்டு முறையும் கூலி வாங்கினேன்.

மூன்றாம் முறை அவர் பெட்டியோடு ஒரு குறிப்பேட்டையும் கொண்டுவந்தார்.

"அண்ணா, உங்கள் கடையில் இது ஓடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எப்போது ஓடவில்லை என்பதை எழுதி வைத்திருக்கின்றேன். இதையும் பாருங்கள்" என்றார்.

அக்குறிப்பேடு எத்தகைய கருவியினும் மேலானது. கடிகாரம் நின்ற ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது. எல்லாம் விடியற்காலைகள். எல்லாம் மழை பெய்த அல்லது பனி இறங்கிய இரவுக்கு அடுத்த விடியல்கள். ஒவ்வொன்றிலும் இரவில் மின்சாரம் நின்று வந்திருந்தது. வெயில் ஏறியபின், எவரும் தொடாமலே, நின்ற இடத்திலிருந்து கடிகாரம் மறுபடி ஓடிற்று. பக்கத்தின் ஓரத்தில் மற்றொரு வரியும் இருந்தது: "ஓடும் நாட்களிலும் திங்களுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்குகிறது." இவ்வரியின் பொருளை நான் உடனே உணரவில்லை. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இவ்விடத்தில், இத்தகைய கடிகாரம் எவ்வாறு ஓடுகின்றது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நலம்.

சில கற்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் பிறக்கின்றது என்பதை 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர் பிரான்சு நாட்டில் கண்டனர். அதன் மறுதலையும் உண்மையே. மின்சாரம் கொடுத்தால் கல் நெளியும். குவார்ட்சு என்னும் படிகத்தை அளவாக வெட்டினால், அது தனக்குரிய ஒரே வேகத்தில் அதிரும். இவ்வியல்பைக் கொண்டு 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசனும் ஆர்ட்டனும் முதல் குவார்ட்சுக் கடிகாரத்தை அமைத்தனர். அது ஓர் அலமாரியளவு பெரியது. 1969 டிசம்பர் 25 அன்று சப்பானின் செய்க்கோ நிறுவனம் கையில் கட்டும் குவார்ட்சுக் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்று மின்சுற்றுப் பலகைகளில் கடிகாரச் சிப்பின் அருகே, அரிசியினும் சற்றே பெரிய வெள்ளிநிறக் குழல் ஒன்று படுத்திருக்கும். கடைத்தெருவில் அதனைக் 'கிரிஸ்டல்' என்போம். அதனுள் இருப்பது இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்சுப் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிரும். இவ்வெண் ஏன்? இரண்டைப் பதினைந்து முறை வைத்துப் பெருக்கினால் வருவது அதுவே. ஆகவே அந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். சிப்பு செய்யும் எண்ணல் வேலை இவ்வளவே.

ஆனால் படிகம் தானே அதிராது. அதனை உந்துவதற்குச் சிப்பினுள் ஒரு சிறு பெருக்கி உண்டு. ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் காற்றும் கயிறும் சிறிது வேகத்தைத் தின்றுவிடும். நாம் தள்ளும் தள்ளு அவ்விழப்பைவிட மிகுதியாயின் ஊஞ்சல் மேலும் மேலும் எழும். குறைவாயின் எத்தனை நேரம் தள்ளினாலும் எழாது. படிகமும் அங்ஙனமே. தொடக்கத்தில் அதற்குக் கிடைப்பது மின்சுற்றில் எப்போதும் இருக்கும் மிக மெல்லிய இரைச்சல் ஒன்றே. பெருக்கி அதனை எடுத்து, வளர்த்து, திருப்பித் தருகின்றது. 32,768 அதிர்வுப் படிகம் முழு வீச்சை அடைய நொடியில் ஒரு பகுதி முதல் ஓரிரு நொடிகள் வரை செல்லும். இங்ஙனம் எழும் நேரத்தில்தான் பலகையின் குறைகள் யாவும் வெளிப்படும். ஒரு முறை எழுந்துவிட்டால், குறை இருந்தும் ஓடிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும்.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். கடிகாரம் துவங்கிற்று என்பது ஒன்று. கடிகாரம் எப்போதும் துவங்கும் என்பது வேறு. என் மேசையில் இருமுறை துவங்கியதைக் கண்டு, எப்போதும் துவங்கும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதுவே என் முதல் பிழை.

மூன்றாம் முறை முறையாக ஆராயத் தொடங்கினேன். என்னிடம் தொழில் கற்கும் என் தங்கை மகனும் உடனிருந்தான். பெட்டியினுள் இருந்த சிப்பு டி.எஸ். 1307 என்னும் வகை. சந்தையில் எளிதில் கிடைப்பது. பயிற்சிப் பலகைகளிலும் இதனைக் காணலாம். இத்தகைய சிப்பு ஓடவில்லை என்று எவரேனும் கூறினால், உண்மையில் மூன்றில் ஒன்று நிகழ்ந்திருக்கலாம். மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், பேச மறுக்கும். பலகையின் மின்னழுத்தம் செல்லின் மின்னழுத்தத்தைப் போல் ஒன்றேகால் மடங்குக்குக் கீழ் இறங்கினால், இச்சிப்பு தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு வாயை மூடிக்கொள்ளும். செல் 3 வோல்ட் எனின் எல்லை 3.75 வோல்ட். பலகைக்கு 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் தளர்ந்த இணைப்பால் 3.7 வோல்ட் வந்தால், கடிகாரம் செத்துவிட்டது என்று நாம் எண்ணுவோம். நாங்கள் அளந்தோம். 4.9 வோல்ட் இருந்தது. ஆகவே இக்காரணம் நீங்கிற்று.

இரண்டாவது, கடிகாரத்திற்கு 'நில்' என்று கட்டளை இடப்பட்டிருக்கும். இச்சிப்பின் முதல் பதிவேட்டில், நொடிகளை எழுதும் இடத்தின் உச்சியில், ஒரு துணுக்கு உண்டு. அது 1 ஆக இருந்தால் அலைவு நிற்கும். 0 ஆனால் ஓடும். மின்சாரமும் செல்லும் முற்றிலும் நீங்கி மறுபடி வரும்போது அத்துணுக்கு 0 ஆக இருக்கும் என்று நம்பலாகாது. நிரல் எழுதுபவர் அதனை 0 ஆக்க மறந்தால், ஒரு நாள் ஓடும். ஒரு நாள் ஓடாது. பலரும் படிகத்தின்மேல் பழி சுமத்துவது இப்பிழைக்காகவே. கடிகாரம் நின்றிருக்கும்போதே அத்துணுக்கைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஓடு என்று கட்டளை இருந்தும் படிகம் உண்மையாகவே எழவில்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பதற்குப் பழுது நம் கண்முன் நிகழ வேண்டும். என் கடையோ உலர்ந்த இடம். மேசைவிளக்கின் வெப்பம் வேறு. எனவே அவ்வம்மையாரின் விடியலை என் வீட்டுக்குக் கொண்டுவரத் துணிந்தேன். மழை பெய்த ஓர் இரவில் பலகையை மாடிச் சார்ப்பின் கீழ், நனையாமல், ஈரக்காற்றுப் படும்படி வைத்தோம். விடியற்காலை 5 மணிக்கு இருவரும் எழுந்து மின்சாரம் கொடுத்தோம். கடிகாரம் எழவில்லை. துணுக்கைப் படித்தோம். 0 இருந்தது. கட்டளை சரி. படிகமே எழவில்லை.

அப்போது தங்கை மகன் ஆசிலோஸ்கோப்பின் முனையைப் படிகத்தின் காலில் வைத்தான். "மாமா, ஓடுகிறது!" என்றான். முனையை எடுத்தான். சிறிது நேரத்தில் நின்றது. மறுபடி வைத்தான். இம்முறை எழவில்லை. அவன் வியப்புற்றான். வியப்பதற்கு ஒன்றும் இல்லை. பத்தில் ஒன்றாகக் குறைத்துக் காட்டும் முனையும் தன்னோடு பத்துப் பதினைந்து பிக்கோபாரட் மின்தேக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். குறைக்காத முனையோ நூறளவு சேர்க்கும். இப்படிகம் எதிர்பார்க்கும் மொத்த மின்தேக்கமே பன்னிரண்டரை பிக்கோபாரட். எனவே முனையை வைத்த நொடியே நாம் பார்ப்பது வேறொரு சுற்று. நோயாளியின் நாடியைப் பிடிக்கும் கையே நாடியை மாற்றுவது போன்றது இது. படிகத்தின் கால்களைத் தொட்டு அளக்காதீர்கள். இச்சிப்பில் சதுர அலையை வெளியே தரும் கால் ஒன்று தனியே உண்டு. அதனை நொடிக்கு ஒரு துடிப்புக்கு அமைத்து, 5 வோல்ட்டிலிருந்து ஒரு மின்தடை வழியே சிறிய எல்.இ.டி. விளக்கை அதனோடு இணைத்தோம். கடிகாரம் ஓடினால் விளக்கு நொடிதோறும் இமைக்கும். ஓடாவிடில் இமைக்காது. இதனினும் எளிய சான்று இல்லை.

பின்னர் எண்ணத் தொடங்கினோம். நிறுத்தும் துணுக்கை 1 ஆக்கிக் கடிகாரத்தை நிறுத்துவது. சற்றுப் பொறுத்து 0 ஆக்கி, ஐந்து நொடிக்குள் விளக்கு இமைக்கின்றதா என்று பார்ப்பது. அவ்விடியலில் 20 முறை செய்தோம். 7 முறை எழவில்லை. இவ்வெண் கையில் கிடைத்தபோதுதான் எனக்கு முதல்முறையாக நம்பிக்கை பிறந்தது. எண்ணக்கூடிய பழுதை நீக்கவும் கூடும்.

வெளிச்சம் வந்தபின் உருப்பெருக்கும் கண்ணாடியைக் கொண்டு பலகையைப் பார்த்தேன். படிகத்தைப் பற்றவைத்திருந்த இடத்தில் மஞ்சள் நிறமாகப் பேஸ்ட் படிந்திருந்தது. படிகத்தின் இரு கால்களிலிருந்தும் இரண்டு சிறு மின்தேக்கிகள், ஒவ்வொன்றும் 22 பிக்கோபாரட், நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. தொழிற்சாலையில் இயந்திரம் பற்றவைத்த பற்று அன்று அது. கையால் பற்றவைத்தது. அக்கையை நான் அறிவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடி விழுந்து கெட்ட அப்பலகையை என் கடையில் சரிசெய்தபோது, புதிய படிகத்தை வைத்தவன் நானே.

கணிப்பொறிச் சிப்புகளுக்கு அருகில் வைக்கும் பெரிய படிகங்களுக்கு இரண்டு 22 பிக்கோபாரட் மின்தேக்கிகளை வைப்பது கடைப்பழக்கம். கை பழகியவாறு இங்கும் வைத்துவிட்டேன். இச்சிப்போ பன்னிரண்டரை பிக்கோபாரட்டைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. வெளியே ஒன்றும் வேண்டுவதில்லை. இரண்டு 22 ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் 11. ஆகப் படிகம் சுமந்தது ஏறத்தாழ 23 பிக்கோபாரட்டுக்கு மேல். சுமை ஏற ஏற, எழுவதற்கு வேண்டிய உந்துதல் அச்சுமையின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். கணக்கிட்டால் மூன்று மடங்குக்கு மேல் ஆகின்றது. அளவுக்கு மீறிய சுமையால் படிகம் சிறிது மெதுவாகவும் அதிரும். நாளொன்றுக்கு நான்கு நொடியளவு. திங்களுக்கு இரண்டு நிமிடம்! அம்மையார் ஓரத்தில் எழுதிவைத்த வரி இதுவே. என் பிழையின் பெயரை அவர் எழுதிக் கொடுத்திருந்தார். படிக்கத் தெரியாதவன் நான்.

சுமை மிகுந்தும் வெயில் நாட்களில் அது எழுந்தது. எல்லையில் நின்று எழுந்தது. அவ்வெல்லையிலிருந்து அதனைத் தள்ளியது பேஸ்ட். பற்றவைத்தபின் துடைக்காத பேஸ்ட் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியபின் அது முற்றிலும் மின்கடத்தாப் பொருளாய் இராது. வேறு சுற்றுக்களில் அச்சிறு கசிவு பொருட்டன்று. படிகச் சுற்றிலோ ஓடும் மின்னோட்டமே மிக மிகச் சிறியது. அங்கே கசிவு என்பது ஊஞ்சலின் கயிற்றைப் பிடித்திழுக்கும் கை. இச்சிப்பில் படிகத்தின் காலுக்கு அடுத்த காலே செல்லின் கால். இரண்டுக்கும் இடையே என் பேஸ்ட் பாலம் கட்டியிருந்தது. இரவில் மின்சாரம் நின்று சிப்பு செல்லுக்கு மாறும் அச்சிறு அதிர்ச்சியில் அலைவு அறுந்தது. ஈரம் உலரும் வரை அது மீண்டும் எழவில்லை.

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன். இரண்டு காரணங்கள் கண்ணில் பட்டால் இரண்டையும் ஒருங்கே நீக்கிவிடக் கை துடிக்கும். அங்ஙனம் செய்யாதீர்கள். எது எவ்வளவு கெடுத்தது என்பது பின் ஒருபோதும் தெரியாது. நாங்கள் முதலில் மின்தேக்கிகளை மட்டும் எடுத்தோம். அடுத்த ஈர விடியலில் 20க்கு 2 முறை எழவில்லை. பின்னர் ஐ.பி.ஏ. என்னும் ஆல்ககாலில் மெல்லிய தூரிகையை நனைத்துப் பேஸ்டைக் கழுவி, நன்கு உலர்த்தினோம். அதற்கடுத்த ஈர விடியலில் 100 முறை செய்தோம். 100 முறையும் எழுந்தது. அலைநீர்த் தொட்டியில் இட்டுக் குலுக்கிக் கழுவும் முறையை இதற்குக் கையாளவில்லை. அக்குலுக்கலில் இசைக்கவைப் படிகம் முறிந்துபோதல் உண்டு.

நூறு முறை எழுந்ததோடும் நான் நிறைவு கொள்ளவில்லை. இருமுறை ஏமாந்தவன் அன்றோ? எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கின்றோம் என்பதை அறிய ஒரு வழி உண்டு. படிகத்தோடு தொடராக ஒரு மின்தடையை வேண்டுமென்றே சேர்த்து, இன்னும் எழுகின்றதா என்று பார்க்க வேண்டும். ஊஞ்சலின்மேல் கல்லை ஏற்றிப் பார்ப்பது போன்றது. படிகத்துக்கே உரிய தடை 45,000 ஓமுக்கு மேற்படலாகாது என்பது இச்சிப்பின் நியதி. மொத்தத் தடை அதனைப்போல் ஐந்து மடங்கு ஆகும் வரையில் எழுந்தால் அச்சுற்றை நம்பலாம் என்பது தொழிலில் வழங்கும் விதி. மின்தேக்கிகளை எடுக்கும் முன்பே, உலர்ந்த பகலில், இச்சோதனையை ஒருமுறை செய்து எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். அப்போது 33,000 ஓம் சேர்த்தவுடன் ஊமையாயிற்று. கழுவியபின் 1,80,000 ஓம் சேர்த்தும் எழுந்தது. முன்பு நூலிழையில் நின்றது, இப்போது தரையில் நிற்கின்றது என்பதற்கு இவ்விரண்டு எண்களே சான்று. மேசைமேல் ஒரு மணி நேரம் ஓடியது சான்றாகாது.

பெரிய இடங்களிலும் கடிகாரம் தலைவலி தருவதுண்டு. அவ்வூருக்கு அருகில், அதே நெடுஞ்சாலையை ஒட்டி, காதங்கி என்னும் ஊரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. 1990களின் தொடக்கம் முதல் அங்கே 1,024 அலைவாங்கிகள் கொண்ட ராடார் ஒன்று இயங்கி வருகின்றது. வானுக்கு அனுப்பிய அலை திரும்பி வரும்போது அடைந்த மிகச் சிறு மாற்றத்தைக் கொண்டு மேலே வீசும் காற்றை அது அளக்கும். ஒப்பிடுவதற்குத் தன்னிடம் உள்ள தலைமை அலைவு உறுதியாயிருந்தால்தான் அவ்வளவு மெல்லிய மாற்றம் புலப்படும்.

2022இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனுள் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2013 ஜூலை 1 அன்று, நம் நாட்டின் முதல் வழிகாட்டும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்று அதில் மூன்று அணுக்கடிகாரங்களை வைத்திருந்தனர். 2016–17இல் மூன்றும் பழுதாயின. அதே காலத்தில் ஐரோப்பியரின் கலிலியோ செயற்கைக்கோள்களிலும் பல கடிகாரங்கள் நின்றன. மாற்றாக 2017 ஆகஸ்டு 31 அன்று ஏவிய கோள், வெப்பக் கவசம் பிரியாமையால் பயன்படவில்லை. 2018 ஏப்ரல் 12 அன்று ஏவியது நிலைபெற்றது. பின்னர் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் 2023 மே 29 அன்று அங்கிருந்து விண்ணேறியது. ஒரு கடிகாரத்தை மட்டும் நம்பி ஊரையோ நாட்டையோ நடத்தலாகாது என்பதை அறிஞர்களும் இங்ஙனம் கற்றனர். அவ்வம்மையார் தம் குறிப்பேட்டில் காலையும் மாலையும் ஒவ்வொருவர் ஊற்றிய பாலையும் எழுதி வைத்தாரே, அதுவே அவ்வூரின் இரண்டாம் கடிகாரம்.

பலகையைச் சரிசெய்தபின் அதனை நானே எடுத்துச் சென்றேன். மாலைப் பால் முடிந்தபின் உழவர்கள் கூடியிருந்தனர். பெட்டியைத் திறந்து, நான் வைத்த மின்தேக்கிகள் இருந்த இடத்தைக் காட்டினேன். "பிழை அம்மாவுடையது அன்று. பெட்டியைச் செய்தவர்களுடையதும் அன்று. என் கையால் நேர்ந்தது" என்று தெலுங்கிலும் தமிழிலும் கூறினேன். முதலில் எவரும் ஒன்றும் பேசவில்லை. பின்னர் முதியவர் ஒருவர் குறிப்பேட்டை வாங்கித் தம் பெயருக்கு எதிரே இருந்த அளவுகளைத் தம் மகனைக் கொண்டு படிக்கச் செய்தார். அவர் வீட்டில் சுவரில் கரியால் இட்ட கோடுகளோடு அவை ஒத்திருந்தன. அன்று முதல் குறிப்பேட்டைக் கணக்காக ஏற்றுக்கொண்டனர். நான் வாங்கிய இரு கூலியையும் திருப்பித் தந்தேன். அம்மையார் கைப்பணமாகக் கொடுத்ததில் ஒரு பங்கை நான் ஏற்றேன். அவர் வேண்டாம் என்றார். சங்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னபின் பெற்றுக்கொண்டார்.

ஆயினும் யாவும் பழையபடி ஆயின என்று எழுதினால் அது பொய்யாகும். ஐப்பசியில் வேறு நிலையத்துக்குப் பால் ஊற்றச் சென்ற நான்கு குடும்பங்கள் இன்றுவரை திரும்பவில்லை. அரிசியளவு படிகம் ஒன்றின் அடியில் துடைக்காமல் விட்ட பேஸ்டின் விலை அது.

ஆதலின் தொழிற்சாலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு நான் கூற விரும்புவது இவ்வளவே. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு, "என் மேசையில் ஓடிற்று" என்பதை விடையாக எழுதாதீர்கள். எங்கே, எப்போது, எந்தக் காலநிலையில் நின்றது என்று கேளுங்கள். அந்நிலையை உண்டாக்கிப் பாருங்கள். எத்தனை முறைக்கு எத்தனை முறை என்று எண்ணுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். படிகத்தின் சுமை சிப்பின் குறிப்போடு பொருந்துகின்றதா என்று பாருங்கள். பற்றவைத்த இடத்தைக் கழுவுங்கள். எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை அளந்தபின் கையெழுத்திடுங்கள். கருவிக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் பழுதுக்குக் காரணம் என்று எழுதுமுன், அப்பலகையை இறுதியாகத் தொட்ட கை யாருடையது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அவ்வம்மையார் இன்றும் குறிப்பேடு எழுதி வருகின்றார். சென்ற வாரம் அவ்வழியே சென்றபோது பார்த்தேன். ஓரத்தில் புதிய வரி ஒன்று இருந்தது: "இத்திங்கள் பின்தங்கவில்லை."

அடுத்த திங்கள், மின்சாரம் நின்று வரும்போது குளிர்பதனப் பெட்டிகள் கெடுவதைப் பற்றி எழுதுவேன். அன்பர்கள் தத்தம் வீட்டில் கண்டதைச் சங்கத்துக்கு எழுதி அனுப்பினால், அவற்றையும் சேர்த்து எழுதுதல் கூடும்.